நாங்கள் இலக்குக் குழு அல்ல

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நகரசபைத் தேர்தல் வந்தால், வாக்களிக்கும் நாளுக்கு முன்பே வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்துவிடும். உள்ளே கட்சிக்கு ஒன்றாக நீளமான தாள்கள், தாள் நிறையப் பெயர்கள். எங்கள் ஊர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஒரு நடுத்தர நகரம். அங்கே ஒருவருக்கு முப்பத்திரண்டு வாக்குகள். பிடித்த வேட்பாளருக்கு மூன்று வரை கொடுக்கலாம். ஒரு கட்சியின் தாளில் வேறு கட்சிக்காரரின் பெயரை எழுதிச் சேர்க்கலாம். எதையும் தொடாமல் ஒரு தாளை அப்படியே பெட்டியில் போடவும் செய்யலாம். மொத்தம் முப்பத்திரண்டைத் தாண்டினால் மட்டும் அத்தனையும் வீண்.

இந்தக் கடைசி விதி தெரியாமல் ஓர் அக்கா தன் முதல் வாக்கை இழந்திருந்தார். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர், வைத்தியசாலை ஒன்றின் சமையலறையில் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டு புதிய குடியுரிமைச் சட்டம் வந்த கையோடு ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்தவர்களில் அவரும் ஒருவர். மாதத்தில் ஒரு ஞாயிறு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. அடுத்த தேர்தலுக்கு ஒரு வருடம்கூட இல்லை.

“போன முறை நான் மூண்டு மூண்டாப் போட்டனான்” என்றார் அக்கா.

“ஆருக்கு?” என்று கேட்டேன்.

“பெண்டுகள் எல்லாருக்கும். கட்சிக்காரர் அவையளைத் தாளில கீழதானே தள்ளி வச்சிருந்தவங்கள். பாவமாக் கிடந்தது.”

“எத்தினை பெண்டுகள், அக்கா?”

“ஆர் எண்ணினது?”

நான் விதியைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப இவ்வளவு காலமும் நான் வோட்டுப் போட்டனான் எண்டு சொல்லித் திரிஞ்சதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், “இந்த முறை என்ர வோட்டு செல்லவேணும்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்தேன். ஒருவர் உறையை விளம்பரம் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டிருந்தார். இன்னொருவரின் வீட்டில் மகன் எல்லாருக்குமாக நிரப்பியிருந்தான். மற்றொருவர் பயத்தில் ஒரு தாளை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

நான் அப்போது ஸ்டுட்கார்ட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் செய்து தருவதை எத்தனை விதமாக உடைக்கலாம் என்று பட்டியல் போடுவதுதான் என் சம்பளத்துக்குரிய வேலை. அந்தக் கிழமையே ஒரு வாக்குத்தாள் எத்தனை வழிகளில் செல்லாமல் போகும் என்று எழுதிப் பார்த்தேன். வாக்கு எல்லையைத் தாண்டுவது. தாளில் கையெழுத்து வைப்பது. ஓரத்தில் நன்றி, வாழ்க என்று எழுதுவது. (எங்கள் ஆட்கள் கட்டாயம் எழுதுவார்கள்.) ஒவ்வொரு வழிக்கும் ஒரு பயிற்சி யோசித்தேன். பிறகு ஒரு பயிற்சித் தாள் தயாரித்தேன். கட்சிகள்: புட்டு, இடியப்பம், தோசை. வேட்பாளர்கள்: சொதி, கட்டைச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி, கணவாய்க்கறி, இன்னும் பலர். புட்டுக் கட்சியின் தாளில் தோசைக் கட்சியின் சட்னியை எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம் என்று எவரும் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வார்கள்.

இதை ஊர் முழுவதற்கும் செய்ய மண்டபம் வேண்டும். ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபம் எங்களுக்கு இலவசம், மற்ற நாட்களில் வாடகை. தாள்களை அச்சிட வேண்டும். தாய்மார் தாளைப் பார்க்கும் நேரம் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் வேண்டும். எங்களிடம் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய சங்கம் இருந்தது. நகரப் பேருந்து ஓட்டும் ஓர் அண்ணை அதன் தலைவர், நான் செயலாளர். குடிமக்களின் பொதுப்பணிக்கு நிதி தரும் அறக்கட்டளை ஒன்று ஸ்டுட்கார்ட்டில் இருந்தது. விண்ணப்பத்தை நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.

எனக்கு விண்ணப்பப் படிவங்களில் வெறுப்பு இல்லை. கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக இருக்கலாம். நான் தடக்கி நின்றது ஒரே ஒரு கட்டத்தில்: சொந்தப் பங்களிப்பு. காசு இல்லாத சங்கங்கள் சம்பளம் வாங்காமல் செய்த வேலையை மணிக்கணக்கில் எழுதலாம் என்று அடியில் விளக்கமும் இருந்தது. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணை, கதிரை அடுக்கிறது, மண்டபம் கூட்டுறது, ஆக்களைக் காரில ஏத்திக்கொண்டு வாறது. இதெல்லாம் மாசத்தில எவ்வளவு நேரம் வரும்?”

“எதுக்கு?”

“அன்ட்ராக் போமில எழுத.”

“கதிரை அடுக்கினதுக்கு மணிக்கணக்கோ? கேள்விப்பட்டா ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“கேக்கிறது அவைதான், அண்ணை.”

“கேக்கட்டும். செய்ததைச் சொல்லிக் காட்டுற பழக்கம் எங்களிட்ட இல்லை.”

அக்காவிடம் கேட்டேன். “தேத்தண்ணி ஊத்தினதை எழுதிக் குடுத்தா, பிறகு அந்தத் தேத்தண்ணியை ஆக்களுக்கு எந்த முகத்தோட நீட்டுறது?” என்றார். நான் கேட்ட எவரும் சும்மா செய்தது, சும்மா செய்தது என்றார்கள். நிர்வாகக் கூட்டத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. சொந்தப் பங்களிப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

பதில் மரியாதையான ஜெர்மனில் வந்தது. நோக்கம் பாராட்டத்தக்கது, ஆனால் விண்ணப்பதாரர்களிடம் சொந்த முயற்சி எதுவும் காணப்படவில்லை, ஆகவே நிதி வழங்க இயலாது.

அண்ணை அந்தக் கடிதத்தை மண்டப வாசலில் நின்று வாசித்தார். கையில் நாலு மடித்த கதிரைகள் இருந்தன. அவற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“எங்களிட்டயோ முயற்சி இல்லை?”

“நாங்கள்தானே அண்ணை இல்லை எண்டு எழுதினனாங்கள்.”

“அது ஒரு மரியாதைக்கு எழுதினது.”

“அவைக்கு அது தெரியாது.”

கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். “சரி. எழுது. எல்லாத்தையும் எழுது. கதிரை விரிக்கிறதை எழுது, மடிக்கிறதை வேற எழுது.”

அறக்கட்டளைக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததை விளக்கினேன். மீண்டும் விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் ஒரு தடவை வந்து பேசுங்கள் என்று நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்தார்கள்.

என்னைச் சந்தித்த அதிகாரி நல்ல பெண்மணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள் அவரைக் கெட்டவராக்கப் பார்த்தார்கள். அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பயிற்சித் தாளைப் பார்த்துச் சிரித்தார். கணவாய்க்கறி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்களுக்கு உதவ அவர் உண்மையாகவே விரும்பினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

“பொதுப்பணிக்கான நிதியில் போட்டி அதிகம். ஒருங்கிணைப்புக்கான நிதியில் இடம் இருக்கிறது. உங்கள் திட்டம் அதற்குப் பொருந்தும், இலக்குக் குழுவைக் கொஞ்சம் கூர்மையாக எழுதினால்” என்றார்.

‘எங்கள் நகரத்தில் வாக்குரிமை உள்ள, வாக்களிக்கும் முறையை அறிய விரும்பும் எவரும்’ என்று எழுதியிருந்தேன். இதில் எது கூர்மையில்லை என்று கேட்டேன்.

“தேவை தெரியவில்லை. நடுவர் குழு முதலில் தேவையைத்தான் பார்க்கும். மொழி தெரியாத பெண்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள், அப்படி.” அதற்கு அவர் ஜெர்மனில் ஒற்றைச் சொல் ஒன்று சொன்னார். தமிழில் சொல்வதென்றால், கல்விக்குத் தொலைவில் இருப்பவர்கள்.

“அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். வரி கட்டுகிறார்கள். ஜெர்மன் பரீட்சை எழுதித்தான் குடியுரிமை எடுத்தார்கள்” என்றேன்.

“நிச்சயமாக. நான் சொல்வது படிவத்தின் மொழியை. இன்னொன்று, தொடக்க நிகழ்வில் ஒரு நடனம் இருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் பெண்பிள்ளைகள் மிக அழகாக ஆடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.”

“வாக்குத்தாள் நிரப்பும் வகுப்பில் நடனம் எந்த இடத்தில் வரும்?” என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரல் என் முன்னால் இருந்தது, அதில் இடம் தேடினேன். அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. அது ஒரு யோசனை மட்டும்தான் என்றார்.

இரண்டாம் விண்ணப்பத்தில் சொந்தப் பங்களிப்பு ஒரு முழுப் பக்கம் வந்தது. கதிரை, கார், தேநீர், கூட்டுதல், பாத்திரம் கழுவுதல், என் தட்டச்சு, எல்லாம். மணிநேரங்களை வாங்குவது பல் பிடுங்குவது போல இருந்தது. அக்கா கடைசிவரை, “போட்டுக்கொள் ஏதாவது” என்றாரே தவிரத் தன் வாயால் ஓர் எண் சொல்லவில்லை. நான் பின்னால் நின்று பார்த்து எழுதினேன். இலக்குக் குழு பற்றிய வாக்கியத்தில் மட்டும் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

வசந்தகாலத் தொடக்கத்தில் பதில் வந்தது. நிதி உண்டு, கேட்டதில் பெரும்பகுதி தருகிறோம், இணைத்துள்ள திட்டச் சுருக்கத்தில் கையொப்பமிட்டு அனுப்பவும். சுருக்கத்தை விரித்தேன். என் வாக்கியம் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது: ‘கல்விக்குத் தொலைவில் உள்ள தமிழ்ப் பெண்களை மக்களாட்சிக்கு அறிமுகப்படுத்தல், கலாசார நிகழ்ச்சியுடன்.’ இந்தச் சுருக்கம் அறக்கட்டளையின் இணையத்தளத்திலும் ஆண்டறிக்கையிலும் வெளிவரும் என்று அடியில் ஒரு வரி.

தமிழ்ப் பூசை இல்லாத ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணையின் வீட்டில் கூடினோம். வாக்கியத்தை நான் தமிழில் சொன்னேன். அண்ணை தோளைக் குலுக்கினார்.

“எழுதட்டும் பிள்ளை. ஆர் வாசிக்கப்போகினம்? காசு வருது, மண்டபம் வருது. நாங்கள் உள்ள என்ன செய்யிறம் எண்டு அவை வந்து பாக்கவே போகினம்?”

“நடனம் அண்ணை?”

“உன்னை விட்டு ஆடச் சொல்லுறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆட வராது என்பது ஊரறிந்த விடயம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“அதில பெண்கள் எண்டு கிடக்கு. ஆம்பிளையள் எல்லாரும் கல்விக்குக் கிட்டவோ?” என்று கேட்டார்.

“அக்கா, இது ஒரு பேப்பர்” என்றார் அண்ணை. “அசைலம் கேட்டு வந்தநேரம் கந்தோர் கந்தோரா அழுது காட்டினனாங்கள்தானே. இப்ப ஒரு கையெழுத்துக்கு என்ன ரோசம்?”

அந்த அகதி விசாரணைகளைப் பற்றி எங்கள் ஆட்கள் பகிடியாகக்கூடப் பேசுவதில்லை.

“அப்ப அழுதது உண்மை” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “எனக்கு அழ இருந்தது, அழுதனான். இது பொய். நான் ஓ லெவல் பெயில், கணக்கில. அதை நான் சொல்லுவன், இந்தா, எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். அவை எழுதக்கூடாது. என்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் இருக்கு. அவள் எங்கட ஊரின்ர பேரை அடிச்சா இந்த வசனம் வரும், கீழ எங்கட சங்கத்தின்ர பேர் வரும், பக்கத்தில இவளின்ர கையெழுத்து.”

என்னைக் காட்டித்தான் சொன்னார்.

“கையெழுத்துப் போடமாட்டன், அக்கா” என்றேன்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “அப்ப மண்டபம்?”

“ஞாயிறு பூசைக்குப் பிறகு இருக்குது.”

“பூசைக்கு வராத சைவ ஆக்கள்?”

“பூசை முடிய வரட்டும்.”

“அச்சடிக்கிறது?”

“யோசிப்பம்.”

“யோசிப்பமாம்” என்று அண்ணை கூரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “சரி, போடாத. நானும் போடேல்லை. தலைவர் நானெல்லோ, எனக்கும் ஒரு கையெழுத்து இருக்கு” என்றார்.

மறுப்புக் கடிதத்தை அடுத்த நாள் மதிய இடைவேளையில் எழுதினேன். நீளமாகத் தொடங்கியது. அநியாயங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு அடுக்கியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது அது முறையீடு போல இருந்தது. முறையிடுபவர் எதையோ எதிர்பார்க்கிறார். எண்களை அழித்தேன், மீதியையும் அழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: தங்கள் நிதியை ஏற்கவில்லை. சுருக்கத்தில் விவரிக்கப்பட்டுள்ள ஆட்களை எங்களுக்குத் தெரியாது. எங்கள் வகுப்புகள் வாக்குரிமை உள்ள எவருக்கும் திறந்திருக்கும், தங்கள் பணியாளர்களுக்கும்.

அதிகாரி தொலைபேசி எடுத்தார். வருத்தம் அவர் குரலில் உண்மையாகத்தான் இருந்தது. “ஒரு வாக்கியத்துக்காகவா?” என்று கேட்டார்.

“ஆம்” என்றேன்.

“அதைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே.”

“என் வாக்கியம் உங்களிடம் இருக்கிறது. அதை அப்படியே திருப்பி வைத்தால் இன்றைக்கே கையெழுத்திடுவேன்.”

நடுவர் குழு ஏற்கெனவே கலைந்துவிட்டது, தன்னால் முடியாது என்றார். அப்படியென்றால் என்னாலும் முடியாது என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அன்று எனக்குக் கோபம் இல்லை.

வகுப்புகள் பூசைக்குப் பிறகு நடந்தன. சைவ ஆட்கள் பூசை முடியும்வரை வாகனத் தரிப்பிடத்தில் கார்களுக்குள் இருந்தார்கள். கடைசிப் பாட்டு கேட்டதும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பை ஆண்களிடம் கொடுத்தோம். அண்ணை பிள்ளைகளை மண்டபத்தின் பின்பக்கம் வரிசையாக இருத்திப் பேருந்து ஓட்டுவதுபோல நடித்துக் காட்டினார். தாள்களைக் கோயிலைப் பராமரிக்கும் ஜெர்மன்காரர் பங்கு அலுவலகத்தில் நகலெடுத்துத் தந்தார். எதற்கு இவ்வளவு தாள் என்று ஒருநாள் கேட்டார். விளக்கினேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து பின்வரிசையில் இருந்தார்.

“இதை எங்கள் வீட்டில் எப்போதும் என் மனைவிதான் நிரப்புவாள்” என்றார். “நான் பெட்டிவரை கொண்டுபோவேன்.”

அவருக்கும் ஒரு தாள் கொடுத்தோம். இடியப்பக் கட்சியின் தாளில் மற்றவர்களைத் தொடாமல், கணவாய்க்கறிக்கு மட்டும் மூன்று போட்டார். அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து வேறு சில ஜெர்மன்காரர் வந்தார்கள். எனவே வகுப்பை இரண்டு மொழிகளில் நடத்தவேண்டி வந்தது. தமிழில் ஒரு முறை சொன்னால் போதுமாக இருந்தது. ஜெர்மனில் சில இடங்களை இரண்டாம் முறையும் சொன்னேன். இலக்குக் குழு என்ற கட்டத்தில் நான் எழுதியது சரி என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் கொஞ்சம் திமிரும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை அக்கா கூப்பிட்டார். “தாள் மேசையில கிடக்கு, வா” என்றார். உதவிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வகுப்பில் அவர் செய்த பிழைகள் எனக்கு மனப்பாடம். மூன்று போட்ட இடத்தை ஒன்றாக எண்ணுவார், வேறு தாளிலிருந்து எழுதிய பெயரை எண்ண மறப்பார். போகும் வழியில் அவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

அவர் சமையலறை மேசையில் தாள்களை விரித்திருந்தார். எனக்கு எதிர்ப்பக்கக் கதிரையைக் காட்டினார். இடது கையைத் தாளைச் சுற்றி மதில் போல வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. அவருடைய மகள் குளிர்பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே போனாள்.

பேனை நின்றது. தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவி எண்ணினார். பிறகு கீழிருந்து மேலே.

“அக்கா, ஒருக்காத் தாங்கோ. மொத்தத்தை மட்டும் பாக்கிறன்.”

“ஏன்?”

“பிழை இருந்தா இப்பவே திருத்தலாம். பேரைப் பாக்கமாட்டன்.”

“பேரைப் பாக்காம எப்பிடி மொத்தத்தைப் பாப்பாய்?” தாளை மடித்தார். “இது ரகசியமெண்டு நீதானே படிப்பிச்சனீ.”

“அக்கா, போன முறை மாதிரி...”

“போன முறை ஆரும் சொல்லித் தரேல்லை. இந்த முறை எண்ணினனான். ரெண்டு தரம்.” மடித்த தாளை உறைக்குள் வைத்து, உறையைத் தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். “நாளைக்கு வேலை ரெண்டு மணிக்கு. அதுக்கு முதல் போய்ப் போட்டுட்டு வாறன். நீ தேத்தண்ணியைக் குடி, ஆறுது.”

குடித்தேன். அந்த வாக்கு செல்லுபடியானதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதை அறிந்துகொள்ள வழியும் இல்லை.